அட்டை இல்லாத கார்லோஃப் படப் புத்தகம்: எந்த ஆண்டுப் பதிப்பு?

மூன்றாம்வரிசை:

போன ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில், பழைய பாடப்புத்தகங்களுக்கு அடியில் ஒரு படப் புத்தகம் கிடந்தது. முன்னட்டை இல்லை. தலைப்புப் பக்கம் இல்லை. கடைசி நாலைந்து தாள்களைக் கரையான் ருசி பார்த்திருக்கிறது. "பேய்ப்பட புக்கு சார், நல்ல கனம், 80 ரூபா" என்றார் கடைக்காரர். நான் பேரம் பேசவில்லை. பேசினால் இன்னொரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு விலையை ஏற்றிவிடுவாரோ என்று பயம்.

பேருந்தில் உட்கார்ந்து பிரித்தால் முழுக்க முழுக்க ஹாலிவுட் பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லோஃப். ஒவ்வொரு படத்துக்கும் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அப்புறம் கறுப்புவெள்ளைப் புகைப்படங்கள். மௌனப் படங்களில் கூட்டத்தோடு நின்ற காலத்தில் தொடங்கி 1968-ல் வந்த 'டார்கெட்ஸ்' வரை இருக்கிறது. 1969-ல் அவர் இறந்ததைப் பற்றி ஒரு பத்தியும் பாதி மிச்சமிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன இருந்தது என்று கரையானைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது எப்போது அச்சான புத்தகம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், இதை பைண்டிங் செய்யலாமா, இல்லை இப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லதா?

வவ்வால்குட்டி:

கார்லோஃப்னா அந்த ஃபிராங்கன்ஸ்டைன் தானே அண்ணே? கழுத்துல போல்ட்டு, பச்சை மூஞ்சி?

நிலவறை:

வவ்வால், ஒரே வரியில் மூன்று தப்பு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது டாக்டரின் பெயர், 1931 படத்தில் அந்த வேடம் காலின் கிளைவுக்கு. கார்லோஃப் நடித்தது அவர் செய்த உருவம், அதற்குப் பெயரே கிடையாது. கழுத்தில் இருப்பது போல்ட் இல்லை, மின்சாரம் ஏற்றுவதற்கான முனைகள். பச்சை பற்றி அப்புறம் சொல்கிறேன், அது தனிக் கதை.

மூன்றாம்வரிசை, ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' வருவதற்கு முன் புத்தகத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது? அந்தப் படம் வெளியான வாரத்தில் கார்லோஃபுக்கு 44 வயது. அதற்குள் ஏறக்குறைய 80 படங்களில் தலைகாட்டியிருந்தார். அதை இரண்டு பக்கத்தில் தாண்டிப் போகிற புத்தகம் பூதத்தை மட்டும் கொண்டாடுகிற புத்தகம். நடிகரைக் கொண்டாடுகிற புத்தகமாக இருந்தால் 1926-ன் 'த பெல்ஸ்' படத்தில் மூக்குக்கண்ணாடி போட்டு வருகிற மனவசியக்காரனுக்கும், ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'த கிரிமினல் கோட்' படத்தில் வருகிற கைதிக்கும் இடம் இருக்கும்.

மூன்றாம்வரிசை:

எண்ணிப் பார்த்தேன், 40 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. நீங்கள் சொன்ன கைதியும் இருக்கிறார். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, சிறைச் சட்டையில், தாடையை இறக்கி நிற்கிறார். எந்த ஒப்பனையும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது கை ஒரு கணம் நின்றுவிட்டது.

பழையதாள்:

தம்பி, 30 வருஷம் ஆஃப்செட் மெஷினில் நின்றவன் சொல்கிறேன். முதலில் ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். படத்தில் கறுப்பான இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மை அப்பியிருக்கிறதா, இல்லை நெருக்கமான நிழல் பகுதியிலும் புள்ளி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, முதுகைப் பாருங்கள். ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, தைத்திருக்கிறதா, இல்லை தாள்களை வெட்டி கோந்தில் ஒட்டியிருக்கிறதா? மூன்றாவது, படம் தனியாக வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் நடுவில் சொருகியிருக்கிறதா, எழுத்தும் படமும் ஒரே தாளில் கலந்து வருகிறதா?

மூன்றாம்வரிசை:

ஐயா, புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆனால் சில படங்களில் முகத்தில் நிழல் விழும் பக்கம் ஒரே தார். முதுகில் நூல் தெரிகிறது. எழுத்தும் படமும் ஒரே தாளில்தான், நடுவில் சொருகல் எதுவும் இல்லை.

பழையதாள்:

அப்படியானால் முழுப் புத்தகமும் ஆஃப்செட். படத்துக்கு உலோக பிளாக் செய்து அடித்த காலத்தில் இத்தனை படத்தை எழுத்தோடு கலந்து போட்டால் செலவு தாங்காது, தனித் தாளில் ஒன்றாகச் சேர்த்து அடித்து நடுவில் வைத்துவிடுவார்கள். தார் மாதிரி இருக்கிற படங்கள் ஒரிஜினல் பிரிண்டிலிருந்து எடுத்தவை இல்லை. படத்தைப் படமெடுத்து, அதை இன்னொரு தடவை படமெடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சாம்பல் நிறம் கொஞ்சம் செத்துப்போகும்.

தையல் இருக்கிறவரை புத்தகத்துக்கு உயிர் இருக்கிறது. எந்தக் கடையிலும் முதுகை வெட்ட மட்டும் விடாதீர்கள்.

கருப்புவெள்ளை:

கொண்டாட்டத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். எனக்கு இந்த வகைப் புத்தகங்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. நடிகரின் வேலை அசைவு. புத்தகம் தருவது முகம். கார்லோஃப் விஷயத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த முகத்தில் பாதி ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரரின் வேலை. மண்டையோட்டை மூடி மாதிரி வெட்டித் திறந்து மூளையை வைத்தால் தலை எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் அந்தத் தட்டைத் தலையை அவர் உருவாக்கினார். பஞ்சும் கொலோடியன் என்ற பசைத் திரவமும் அடுக்கடுக்காக வைத்து, தினமும் நாலு மணி நேரம். அதைப் படமெடுத்துப் போட்டால் பியர்ஸைப் பார்க்கிறோம், கார்லோஃபை எங்கே பார்க்கிறோம்?

ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கூரையைத் திறந்ததும் முதல்முறையாக வெளிச்சம் விழுகிறது. அவர் முகத்தைத் தூக்கி, இரண்டு கையையும் மேலே நீட்டி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்ப்பார். கூரையை மூடியதும் அந்தக் கைகள் கீழே இறங்கி, உள்ளங்கை விரிந்து, டாக்டரிடம் 'எங்கே அது?' என்று கேட்கிற மாதிரி நிற்கும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. உங்கள் புத்தகத்தில் அந்தக் காட்சிக்கு என்ன படம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கை மேலே இருக்கிற படமாகத்தான் இருக்கும். கீழே வருவது இருக்காது.

மூன்றாம்வரிசை:

பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான். மேலே.

நிலவறை:

கருப்புவெள்ளை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

முதலில் அந்த முகம் பியர்ஸ் மட்டும் செய்ததில்லை. கார்லோஃபின் வாயில் ஒரு பக்கம் கழற்றி மாட்டுகிற பல் செட் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நடித்தார், அதனால்தான் கன்னத்தில் அந்தக் குழி. கண் ரொம்பத் துறுதுறுப்பாகத் தெரிகிறது, புதிதாகப் பிறந்த ஒன்றுக்கு இவ்வளவு விவரம் இருக்கக் கூடாது என்று சொல்லி, இமைமேல் மெழுகு வைக்கச் சொன்னதும் அவர்தான். பாதி மூடிய அந்தக் கண் நடிகரின் யோசனை. அது புகைப்படத்திலும் தெரிகிறது.

இரண்டாவது, ஸ்டில் என்பது படத்தின் ஒரு துண்டு இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. சினிமா கேமராவில் ஒரு காட்சி முடிந்ததும் ஸ்டில் போட்டோகிராபர் தன் பெரிய பெட்டிக் கேமராவோடு வருவார். 8-க்கு 10 அங்குல நெகட்டிவ். நடிகர்கள் அவருக்காக இன்னொரு தடவை நிற்க வேண்டும், அசையாமல். இந்தப் படங்களை எடுத்த யுனிவர்சல் ஸ்டூடியோவில் ரோமன் ஃப்ரேலிக் போன்றவர்கள் அந்த வேலையில் கெட்டிக்காரர்கள். அதனால் ஸ்டில்லில் இருக்கும் ஒளி வேறு, கோணம் வேறு, சில சமயம் ஆட்கள் நிற்கும் இடமே வேறு. கார்லோஃப் அதற்காகத் தனியாக நடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் சில படம் மட்டும் மங்கலாக, மணல் தூவிய மாதிரி இருக்கிறதா? அவை படச்சுருளிலிருந்து நேரே பெரிதாக்கியவை. மற்றதெல்லாம் ஸ்டில்.

வவ்வால்குட்டி:

அப்போ நாம 'சீன்'னு நினைச்சுப் பாக்குற போட்டோ எதுவும் படத்துல இல்லவே இல்லையா?! என் சுவரில் டிராகுலாவா நடிச்ச லுகோசி இருக்கார், அவரும் பொய்யா?

நிலவறை:

பொய் இல்லை தம்பி, வேறொரு கேமராவின் உண்மை.

இப்போது மீதிப் பாதி. 1932-ன் 'த மம்மி'யில் கதாநாயகிக்கு முற்பிறவிகள் வரிசையாக வரும் ஒரு பகுதியை எடுத்தார்கள். சீட்டா ஜோஹான் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பிறவி, ஒன்றில் ரோமானிய அரங்கத்தில் சிங்கத்துக்கு முன்னால் தள்ளப்படும் கிறிஸ்தவப் பெண். வெளியிடும் முன் வெட்டிவிட்டார்கள். அந்தச் சுருள் இன்று இல்லை, ஸ்டில் மட்டும்தான் மிச்சம். 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலும் டுவைட் ஃப்ரை தன் மாமாவைக் கொலை செய்யும் ஒரு கிளைக்கதை வெட்டுப்பட்டது. அதுவும் ஸ்டில்லில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய கதை மௌனப்பட நடிகர் லான் சேனியுடையது. 1927-ல் அவர் நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் கடைசிப் பிரதி 1965-ல் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் கிடங்குத் தீயில் போய்விட்டது. 2002-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அதை மறுபடி உருவாக்கினார்கள். எதை வைத்து? ஸ்டில்களை வரிசையாக அடுக்கி, நடுநடுவே எழுத்து அட்டைகளைப் போட்டு. அதாவது ஒரு படப் புத்தகத்தைத் திரையில் ஓட்டினார்கள். அசைவு எரிந்துபோன இடத்தில் முகம்தான் மிஞ்சியது, கருப்புவெள்ளை.

கருப்புவெள்ளை:

சேனி விஷயத்தில் வாயடைத்துப் போனேன். மம்மி விஷயத்தில் நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். மூன்றாம்வரிசை, மம்மி பகுதியில் துணி சுற்றிய கார்லோஃப் எத்தனை படத்தில் இருக்கிறார்?

மூன்றாம்வரிசை:

ஐந்து. ஒன்று முழுப் பக்கம்.

கருப்புவெள்ளை:

படத்தில் துணி சுற்றிய உருவம் வருவது தொடக்கத்தில் சில நிமிடங்கள். கண் மெல்லத் திறக்கும், கை நழுவி இறங்கும். அப்புறம் சுவடிமேல் ஒரு கை வரும், கடைசியாக வாசல் வழியே துணியின் நுனி மட்டும் தரையில் இழுபட்டுக்கொண்டு போகும். அவ்வளவுதான். நடந்து வரவே மாட்டார். மீதிப் படம் முழுக்க ஃபெஸ் தொப்பி, நீள அங்கி, சுருங்கிய தோல். யாரும் துரத்துவதில்லை, யார் கழுத்தையும் கையால் நெரிப்பதில்லை. பின்னால் வந்த மம்மி படங்களில் துணியோடு தள்ளாடி நடக்கும் ஆசாமியைப் பார்த்தவர்கள், கார்லோஃபும் அப்படித்தான் நடந்தார் என்று சத்தியம் செய்வார்கள். அந்தப் பொய் நினைவை வளர்த்ததில் இந்த மாதிரி முழுப் பக்கப் படங்களுக்கும் பங்கு உண்டு.

அந்தத் துணி ஒப்பனைக்கு 8 மணி நேரம் ஆனது என்பதை மட்டும் நானும் ரசிக்கிறேன். காலையில் உட்கார்ந்தவர் இரவுதான் எழுந்தார், அப்புறம் விடியற்காலம் 2 மணி வரை படப்பிடிப்பு. எல்லாம் சுற்றி முடித்த பிறகு, இயற்கை உபாதைக்கு வழி வைக்கவில்லையே என்று பியர்ஸிடம் கேட்டாராம்.

பழையதாள்:

இவ்வளவு நுணுக்கமான பியர்ஸுக்கு யுனிவர்சல் கடைசியில் என்ன மரியாதை செய்தது தெரியுமா? ரப்பர் முகமூடி வந்தது, வேலை சீக்கிரம் முடிகிறது, செலவு குறைவு. 1940-களின் பிற்பாதியில் ஆளை அனுப்பிவிட்டார்கள். பிளாக் செய்கிறவர்களுக்கு எங்கள் தொழிலில் நடந்ததும் இதேதான். சரி, அது வேறு பேச்சு.

தம்பி, ஏரிக்கரைக் குழந்தை படம் இருக்கிறதா? அந்தப் பக்கத்தில் எழுத்து என்ன சொல்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை:

இருக்கிறது ஐயா. குழந்தை பூவை நீட்டுகிறது, கார்லோஃப் மண்டியிட்டு வாங்குகிறார். அடியில் சின்ன எழுத்தில், இந்தக் காட்சியின் முடிவு இப்போது புழங்கும் பிரதிகளில் இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு.

நிலவறை:

அப்பாடா! அச்சான காலத்துக்கு ஒரு பக்கத்து எல்லை கிடைத்துவிட்டது.

பூக்கள் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்து, குழந்தையும் மிதக்கும் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறது அந்த உருவம். 1931-லேயே சில மாநிலத் தணிக்கையாளர்கள் இதில் கை வைத்தார்கள். 1937-ல் மறுவெளியீட்டுக்காக வெட்டப்பட்டதும் அது போனது போனதுதான். கை குழந்தையை நோக்கி நீளும், அத்தோடு காட்சி முடியும். அடுத்து அப்பா சடலத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருவார். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவர்கள் கற்பனை செய்தது, எடுத்ததைவிட நூறு மடங்கு அசிங்கமானது. தணிக்கை செய்த நல்ல காரியம்! 1980-களின் நடுவில்தான் வெட்டிய துண்டைத் தேடிச் சேர்த்தார்கள். ஆக உங்கள் புத்தகம் அதற்கு முந்தையது.

அந்தக் காட்சியைப் பற்றி இன்னும் ஒன்று. குழந்தையைத் தூக்கிப் போடுவது கார்லோஃபுக்குப் பிடிக்கவில்லை, இயக்குநர் ஜேம்ஸ் வேல் விடவில்லை. குழந்தையாக நடித்த மேரிலின் ஹாரிஸுக்கோ அவர்மேல் துளி பயமில்லை. படப்பிடிப்பு மலிபூ ஏரியில். ஸ்டூடியோவிலிருந்து புறப்படும்போது, முழு ஒப்பனையில் நின்ற கார்லோஃபிடம் ஓடிப்போய் உங்கள் காரில் வரட்டுமா என்று கேட்டு, அவரோடு போனாள். முதல் டேக்கில் சரியாக மூழ்கவில்லை. இன்னொரு தடவை போட ஒப்புக்கொண்டால் கேட்டதைத் தருகிறேன் என்றார் வேல். அவள் கேட்டது ஒரு டஜன் அவித்த முட்டை, அவர் கொடுத்தது இரண்டு டஜன்.

வவ்வால்குட்டி:

அந்தக் குழந்தைதான் உண்மையான ஹீரோ. 24 முட்டை!

கருப்புவெள்ளை:

காலத்தைத்தான் தேடுகிறோம் என்றால் இன்னும் நெருக்கலாம். 1933-ல் கார்லோஃப் இங்கிலாந்து போய் நடித்த 'த கூல்' பகுதியைப் பாருங்கள். அந்தப் படம் தொலைந்துபோனது என்று பல காலம் நினைத்திருந்தார்கள். 1969-ல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு பிரதி வந்தது. மங்கல், சத்தம் சரியாகக் கேட்காது, மேலே செக் மொழி எழுத்து. 1980-களின் தொடக்கத்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில், வாசலை மரக்கட்டைகள் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய அறையைத் திறந்தபோது அசல் நெகட்டிவே நல்ல நிலையில் கிடைத்தது. உங்கள் புத்தகம் எதைப் பற்றிப் பேசுகிறது?

மூன்றாம்வரிசை:

மங்கலான பிரதி ஒன்று கிடைத்திருப்பதாக மட்டும் சொல்கிறது. நெகட்டிவ் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் 1969-க்குப் பின், 80-களின் தொடக்கத்துக்கு முன்?

கருப்புவெள்ளை:

ஆமாம். அமெரிக்காவில் சிட்டாடல் என்ற பதிப்பகம் இப்படி நடிகர் நடிகராக, படம் படமாக ஒரு வரிசையே போட்டது. பெரிய அளவு, எல்லாப் படமும் கறுப்புவெள்ளை. கார்லோஃப் பற்றிய புத்தகம் 1974-ல் வந்தது. உங்களிடம் இருப்பது அதுவாக இருக்கலாம். தலைப்புப் பக்கம் இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

படப் புத்தகத்தைக் குறை சொல்ல வந்தவன் உட்கார்ந்து அதற்கு ஜாதகம் கணித்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

மூன்றாம்வரிசை:

உங்கள் கணிப்புக்கு நன்றி. இதற்கு நடுவே ஒரு படம் என்னைக் குழப்புகிறது. கார்லோஃப் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையில் புல்வெளியில் நிற்கிறார். கையில் கிரிக்கெட் மட்டை. எந்தப் படம் இது?

நிலவறை:

எந்தப் படமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை! 1932-ல் சி. ஆப்ரி ஸ்மித் என்ற நடிகர் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப் தொடங்கினார். இங்கிலாந்து அணிக்கு ஒரே ஒரு டெஸ்டில் தலைமை தாங்கி, அதோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தவர். கலிபோர்னியா வெயிலில் இங்கிலாந்து நடிகர்களையெல்லாம் பிடித்து இழுத்து ஆட வைத்தார், கார்லோஃபும் அதில் ஒருவர். பகலெல்லாம் பிணத்தைத் தோண்டிவிட்டு வார இறுதியில் கிரிக்கெட்.

மனிதர் சாது, நன்றாகப் படிப்பவர். ஆனால் உரிமை என்று வந்தால் விட மாட்டார். 'ஃபிராங்கன்ஸ்டைன்' படப்பிடிப்பில் அந்தக் கனமான பூட்ஸோடு 25 மணி நேரம் தொடர்ச்சியாக வேலை வாங்கிய நாளும் உண்டு. 1933-ல் திரை நடிகர் சங்கம் தொடங்கியபோது முதல் ஆட்களில் அவரும் ஒருவர், உறுப்பினர் எண் 9. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்தால் பிழைப்பே போகும்.

பழையதாள்:

சொந்தப் பெயர் கார்லோஃப் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நிலவறை:

வில்லியம் ஹென்றி பிராட். 1887-ல் லண்டன் கேம்பர்வெல்லில் பிறந்தவர். அப்பா இந்தியாவில் உப்பு வரித் துறையில் வேலை பார்த்தவர், குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஆங்கிலோ இந்திய ரத்தம். அம்மாவின் அம்மாவுக்கு ஒரு தங்கையோ அக்காவோ உண்டு, சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆனா லியனோவென்ஸ். அந்தம்மா அகமதுநகரில் பிறந்தவர், ஆனால் அதை வாழ்நாள் முழுக்க மறைத்தார். கார்லோஃபும் தன் இந்திய வேரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாநிறமாக இருந்ததால் ஹாலிவுட் அவருக்கு அரபி, செவ்விந்தியர், மெக்சிகோக்காரர் என்று எல்லா வேடமும் கொடுத்தது. மூன்றாம்வரிசை, அந்த முதல் 40 பக்கத்தை இந்தக் கண்ணோடு மறுபடி புரட்டிப் பாருங்கள். எத்தனை தலைப்பாகை என்று எண்ணுங்கள்.

மூன்றாம்வரிசை:

தலைப்பாகை, முண்டாசு, முக்காடு எல்லாம் சேர்த்து ஏழு. எட்டாவது சந்தேகம், தொப்பியாகவும் இருக்கலாம்.

வவ்வால்குட்டி:

அக்கா, பச்சைக் கதை பாக்கி இருக்கு.

நிலவறை:

சொல்கிறேன். கறுப்புவெள்ளை ஃபிலிமில் பிணத்தின் வெளிறல் வர வேண்டும் என்பதற்காக பியர்ஸ் சாம்பல் கலந்த பச்சையைப் பூசினார். திரையில் அது வெளுப்பாக விழுந்தது. பார்த்தவர் யாருக்கும் பச்சை தெரியாது. சுவரொட்டிகளிலும் 1960-களின் பத்திரிகை அட்டைகளிலும் ஓவியர்கள் வண்ணம் தீட்டியபோது பச்சை ஊரெல்லாம் பரவியது. பாசில் கோகோஸ் என்ற ஓவியர் பூதப் பத்திரிகை அட்டைகளில் ஊதா, மஞ்சள், ரத்தச் சிவப்பு எல்லாம் அடிப்பார், கார்லோஃபின் முகத்தைப் பழத்தட்டு மாதிரி ஆக்கிவிடுவார். ரொம்ப அழகாகவும் இருக்கும், அதை மறுக்க முடியாது.

அசல் பச்சையைப் பார்க்க வேண்டுமென்றால் 1939-ல் வந்த 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படப்பிடிப்பில் எடுத்த சின்ன வண்ணத் துண்டு ஒன்று இருக்கிறது. கார்லோஃப் முழு ஒப்பனையில் நாக்கை நீட்டுவார், பியர்ஸின் கழுத்தை நெரிப்பது போல விளையாடுவார். அந்தப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் மகள் பிறந்தாள், நவம்பர் 23, 1938. அதே தேதி கார்லோஃபுக்கு 51-வது பிறந்த நாள்.

வவ்வால்குட்டி:

லுகோசிக்காக ஒரு வார்த்தை. 1931-ல அந்த ஃபிராங்கன்ஸ்டைன் பூத வேஷத்துக்கு முதல்ல பேசுனது அவரைத்தான். 1943-ல ஒருவழியா அதே வேஷம் போட்டார், பேசின வசனத்தையெல்லாம் எடிட்டிங்ல வெட்டிட்டாங்க. அவருக்கும் ஒரு படப் புத்தகம் எந்தப் பிளாட்பாரத்துலயாவது கிடக்கும்.

கருப்புவெள்ளை:

கிடைத்தால் 80 ரூபாய்க்கு மேல் கொடுக்காதே.

நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று இரவு 'டார்கெட்ஸ்' மறுபடி பார்த்தேன். தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு கார்லோஃப் இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளை வைத்துப் படம் பண்ணு என்று இயக்குநர் பீட்டர் பாக்டனோவிச்சிடம் கொடுத்தார்கள், கடைசியில் கார்லோஃப் அதைவிடக் கூடுதல் நாட்கள் நடித்துக் கொடுத்தார். வேடம், ஓய்வு பெற நினைக்கும் ஒரு கிழட்டுப் பேய்ப்பட நடிகர். அதாவது அவரேதான். அதில் ஓட்டல் அறையில் டிவியில் ஒரு பழைய படம் ஓடும், கிழவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது 'த கிரிமினல் கோட்'. மூன்றாம்வரிசை புத்தகத்தில் பார்த்துக் கை நின்ற அதே கைதி.

கடைசியில் திறந்தவெளித் திரையரங்கில் துப்பாக்கி வைத்திருக்கும் பையன் முன்னால், திரையில் ஒரு கார்லோஃப் பெரிதாக நடந்து வருகிறார், தரையில் நிஜக் கார்லோஃப் கைத்தடியோடு நடந்து வருகிறார். பையனுக்கு எது எது என்று புரியவில்லை, இரண்டையும் சுடுகிறான். கிழவர் நெருங்கிப் போய் கன்னத்தில் அறைவார். நுரையீரல் கெட்டு, மூச்சு வாங்க, காலில் இரும்புக் கட்டோடு நடித்த 80 வயது மனிதர் அது. இந்தக் காட்சிக்கு உங்கள் புத்தகத்தில் என்ன படம்?

மூன்றாம்வரிசை:

கைத்தடி. ஆள் பாதிதான் தெரிகிறார், மீதியைக் கரையான் எடுத்துக்கொண்டது. பின்னால் திரை வெள்ளையாக இருக்கிறது.

பழையதாள்:

பைண்டிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. முதலில் கரையான் தின்ற தாள்களை வெட்டிச் சமமாக்க வேண்டாம். ஓரத்தில் மெல்லிய தாள் ஒட்டிப் பலப்படுத்தினால் போதும். மைதாப் பசையில் துத்தம் கலந்துதான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பூச்சி வரும். தையலை அப்படியே வைத்து, முதுகில் கண்ணித் துணி ஒட்டி, கெட்டி அட்டை போட்டு மேலே காலிகோ துணி சுற்றச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு வெற்றுத் தாள் வைக்கச் சொல்லுங்கள். என்றைக்காவது தலைப்புப் பக்கத்தின் நகல் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்றாம்வரிசை:

நன்றி ஐயா, அப்படியே செய்கிறேன். நேற்று இரவு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு 'ஃபிராங்கன்ஸ்டைன்' போட்டேன். ஒவ்வொரு ஸ்டில்லுக்கும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிலவறை சொன்னது சரி, ஒன்றுகூட அச்சாகப் பொருந்தவில்லை. தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பூதத்துக்கு நேரே நடிகர் பெயர் இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. கடைசிப் பட்டியலில்தான் பெயர் வருகிறது.

வெளிச்சக் காட்சி வந்ததும் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். கைகள் கீழே இறங்குகிற இடத்தில் அவள் கேட்டது, "ஏங்க, அதுக்கு பசிக்குதா?" அப்புறம் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை பைண்டிங் கடைக்குப் போனேன். தையலை வெட்ட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார், பசையில் துத்தமும் போடுகிறாராம். காலிகோ எந்த நிறம் என்று கேட்டிருக்கிறார், நாளைக்குள் சொல்ல வேண்டும்.

வவ்வால்குட்டி:

பச்சை!

நிலவறை:

கறுப்பு. தயவுசெய்து.

கருப்புவெள்ளை:

சாம்பல் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.